தொடுவதற்கு முன்: பொது இடத்தில் அடுத்தவர் வண்டியும் பொருளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாள் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு வேலையாகப் போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து கிளம்பினேன். முதல் திருப்பத்தில் பின்னால் வண்டி வருகிறதா என்று வலது கண்ணாடியைப் பார்த்தால், அதில் வானம் தெரிந்தது. யாரோ தலை வாரிக்கொள்வதற்காகக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பியிருக்கிறார். வாரி முடித்ததும் போய்விட்டார். பின்னால் ஒரு லாரி வருவது அதன் ஹாரன் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அதிலிருந்து இந்த விஷயத்தை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வண்டி ஓட்டுகிறவர்களிடமும் ஓட்டாதவர்களிடமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அப்போதெல்லாம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் எனக்குச் சரி என்று படுகிற பதில்களும் இவை.

தொட்டால் என்ன, தேய்ந்தா போய்விடும்?

கொஞ்சம் தேயத்தான் செய்யும். காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான் இருக்கும். அதாவது முடியைவிட மெல்லிய படலத்தின் மேல்தான் நாம் விரலை ஓட்டுகிறோம். வெறும் விரல் அதைக் கீறாது. விரலுக்கும் பூச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் தூசிதான் கீறும். சாலைத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கே சுமார் 5.5 தான்.

ஆகவே தூசி படிந்த காரின் மேல் விரலால் எழுதுவது, உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது மாதிரி. என் நண்பர் ஒருவரின் கருப்புக் காரில், பின்கதவின் மேல் ‘கழுவு’ என்று யாரோ விளையாட்டாக எழுதிவிட்டுப் போனார்கள். அவர் அன்றைக்கே கழுவினார். காலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் அந்த மூன்று எழுத்தும் தெரியும். பாலிஷ் போடுகிறவரை அது போகவில்லை.

கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் தொடலாம் அல்லவா?

கீறலைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. ஒருவர் தன் வண்டியையோ பையையோ ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போகும்போது, அதை ஒரு நிலையில் வைத்துவிட்டுப் போகிறார். கண்ணாடி இந்தக் கோணத்தில், கியர் இதில், ஸ்டாண்டு இந்தத் தரையில், பையின் ஜிப் இதுவரை மூடியபடி. திரும்பி வரும்போதும் அது அப்படியேதான் இருக்கும் என்று நம்பி, பார்க்காமலேயே எடுத்துக்கொண்டு கிளம்புவார். நாம் தொட்டதில் அந்த நிலை மாறினால், மாறியது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆபத்து அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதனால் நான் வைத்துக்கொண்டிருக்கும் முறை இதுதான்: கேட்காமல் தொடுவதில்லை. தொட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், இருந்தபடி திரும்ப வைப்பேன். அப்படி வைக்க முடியாவிட்டால் உரியவரிடம் சொல்லிவிடுவேன். கீழே வருகிற பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

நிறுத்தியிருக்கும் பைக்கில் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் என்ன?

எனக்கு இதில் சமாதானமே கிடையாது. வேண்டாம்.

சைடு ஸ்டாண்டு வண்டியின் எடையைத் தாங்குவதற்கு இருக்கிறது. சாதாரண பைக்கே 110, 120 கிலோ இருக்கும். பெரிய வண்டிகள் 200 கிலோவைத் தாண்டும். அதன் மேல் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்து, இன்னொருவர் பின்னால் தொற்றிக்கொண்டால், அந்தக் கூடுதல் எடையில் ஒரு பங்கு ஒரு சின்ன இரும்புக் காலின் நுனியில் இறங்குகிறது. மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டு மெதுவாக உள்ளே போகும். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. அவர் எழுந்து போய் அரை மணி நேரம் கழித்துக்கூட வண்டி சாயலாம். சாய்ந்தால் பக்கத்து வண்டியையும் சேர்த்துச் சாய்க்கும். வரிசையாக நிற்கிற இடத்தில் ஒன்று விழுந்தால் ஐந்து விழும்.

அப்புறம் சைலன்சர். இப்போதுதான் வந்து நின்ற வண்டி என்றால் அது தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும், என்ஜினை அணைத்த பிறகும் நெடுநேரம் சூடு இறங்காது. 70 டிகிரி சூட்டில் உள்ள உலோகம் ஒரு நொடியிலேயே தோலைப் பொசுக்கப் போதும். அரைக்கால் சட்டையோடு ஏறி இறங்குகிற பிள்ளைகளின் கெண்டைக்காலில் நீள்வட்டமாக ஒரு தழும்பு இருந்தால், கதையைக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, கை சும்மா இருக்காது. உட்கார்ந்தவர் ஏதாவது ஒரு பொத்தானை அமுக்குவார். என்ஜினை அணைக்கிற கில் சுவிட்சை அமுக்கிவிட்டு இறங்கிப் போய்விட்டால், வண்டிக்காரர் வந்து செல்ஃப் அடிப்பார், கிக்கர் உதைப்பார், வியர்த்து விறுவிறுத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிற நிலைக்குப் போவார். வலது கைக்கு அருகிலேயே இருக்கிற சிவப்பு சுவிட்ச் அவர் நினைவுக்கே வராது, ஏனென்றால் அவர் அதைத் தொடவே இல்லை. கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் குழாயின் திருகை மூடிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கார்புரேட்டருக்குள் மிச்சமிருக்கும் பெட்ரோலில் வண்டி கிளம்பிவிடும். கொஞ்ச தூரம் ஓடி, நடுச்சாலையில் அணையும்.

ஓர் அருமையான வண்டி நிற்கிறது. போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?

தள்ளி நின்று தாராளமாக எடுங்கள். ஏறி உட்கார்ந்து எடுக்க ஆசை என்றால், உரியவர் வரும்வரை காத்திருந்து கேளுங்கள். வண்டிமேல் பிரியம் உள்ளவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தாங்களே வண்டியை நேராக்கிப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். கேட்டு உட்கார்ந்த போட்டோவில் முகமும் நன்றாக வரும், பயந்து பயந்து எடுத்ததில் வராது.

வண்டிகளுக்கு நடுவில் என் வண்டி மாட்டிக்கொண்டது. அடுத்த வண்டியை நகர்த்தாமல் எடுக்க முடியாது. என்ன செய்வது?

எல்லோரும் சந்திக்கிற நிலைமை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுற்றிப் பாருங்கள். காவலாளியோ, வண்டி நிறுத்த உதவுகிற பணியாளரோ இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அது அவருடைய வேலை, அவருக்குப் பழக்கமும் இருக்கும். யாரும் இல்லை, அவசரமாகப் போக வேண்டும் என்றால் நகர்த்தித்தான் ஆகவேண்டும். அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். எப்படி நகர்த்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஹேண்டில் பூட்டியிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பி, அசையாமல் நின்றால் பூட்டியிருக்கிறது. ஹேண்டிலைப் பிடித்து முறுக்கிப் பூட்டை வளைத்துவிட்டால், வண்டிக்காரருக்குச் சாவி போட்டாலும் திறக்காது. பூட்டிய வண்டியை முன்பக்கம் தொடாமல், பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நகர்த்துங்கள். இருவர் சேர்ந்து செய்வது நல்லது. கியரில் நிற்கும் வண்டியின் பின்சக்கரம் உருளாது. இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். இண்டிகேட்டர், நம்பர் பிளேட், மட்கார்டு இவற்றைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும்.

நகர்த்திய பிறகு ஸ்டாண்டு எந்தத் தரையில் நிற்கிறது என்று குனிந்து பாருங்கள். சரிவாக இருக்கிறதா, மண்ணா, சாக்கடை மூடியா? கையை எடுத்த பிறகும் ஐந்து நொடி நின்று, வண்டி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். உங்கள் வண்டியை வெளியே எடுத்த பிறகு, நகர்த்திய வண்டியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. வழியில் விட்ட வண்டியை அடுத்து வருகிறவர் இன்னும் கொஞ்சம் தள்ளுவார், அவருக்கு அடுத்தவர் இன்னும் கொஞ்சம். கடைசியில் வண்டி, நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கும். அபராதம் உரியவருக்கு.

காரை நகர்த்த முடியாதே. மறித்து நிற்கும் காரை என்ன செய்ய?

டயரை உதைத்து அலாரம் அடிக்க வைப்பது சிலருக்கு வழக்கம். அலாரம் அடித்தால் வருவார்கள்தான், கோபத்தோடு வருவார்கள். கண்ணாடி வழியாக டாஷ்போர்டைப் பாருங்கள், போன் எண் எழுதி வைத்திருக்கலாம். கட்டடத்தில் அறிவிப்பு செய்யும் வசதி இருந்தால் வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துவது, காற்றைப் பிடுங்குவது போன்றவை பழிவாங்கல். அவர் செய்த தவறு அதனால் குறையாது, நம் பக்கம் ஒன்று கூடும்.

கீழே விழுந்து கிடக்கும் பைக்கைத் தூக்கி நிறுத்தலாமா?

நிறுத்துங்கள். இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெட்ரோல் ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். அருகில் யாராவது புகைத்துக்கொண்டிருந்தால் தள்ளிப் போகச் சொல்லுங்கள். வலது பக்கமாக விழுந்திருந்தால், படுத்த நிலையிலேயே இடது பக்கத்து சைடு ஸ்டாண்டை விரித்துவிட்டுத் தூக்குங்கள். இல்லாவிட்டால் தூக்கின வேகத்தில் மறுபக்கம் சாயும். முதுகால் தூக்காமல், முழங்காலை மடக்கிக் கால் வலுவில் தூக்க வேண்டும்.

நிறுத்திவிட்டு அப்படியே போகாதீர்கள். விழுந்த வண்டியில் பிரேக் பிடி வளைந்திருக்கலாம், ஹேண்டில் கோணியிருக்கலாம். சீட்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டு: ‘வண்டி விழுந்து கிடந்தது, நிமிர்த்தி வைத்தேன், பிரேக்கைப் பார்த்துவிட்டு ஓட்டவும்.’ அது போதும்.

காரின் மேல் சாய்ந்து நிற்பது, பையை பானெட்டில் வைப்பது?

பெல்ட் பக்கிள், ஜீன்ஸின் பித்தளைப் பொத்தான், பையின் அடியில் இருக்கும் குமிழ், சாவிக்கொத்து – நான்கும் கீறும். சாய்கிறவரின் எடையில் மெல்லிய தகடு உள்வாங்கவும் செய்யும். பேசுவதற்குச் சுவர் இருக்கிறது.

சாவி வண்டியிலேயே தொங்குகிறது. எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

நல்ல எண்ணத்தில் எடுத்து, பிறகு உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். உரியவர் வந்து பார்க்கும்போது சாவியும் இல்லை, நீங்களும் இல்லை. அருகிலேயே நிற்க முடிந்தால் நில்லுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்துக்குப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டு, எங்கே கொடுத்தீர்கள் என்று வண்டியில் எழுதி வையுங்கள். அந்தச் சீட்டில் ‘சாவி’ என்ற சொல் வேண்டாம். ‘உங்கள் பொருள் காவலாளியிடம் இருக்கிறது’ என்றால் உரியவருக்குப் புரியும், மற்றவர்களுக்குப் புரியாது.

காரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதவைத் திறக்க முயல வேண்டாம். அறிவிப்பு செய்யச் சொல்லுங்கள், அல்லது சீட்டு எழுதி வையுங்கள்.

பூட்டிய காருக்குள் குழந்தை தனியாக இருக்கிறது. அப்போதும் தொடக்கூடாதா?

அப்போது தொடத்தான் வேண்டும். இதுவரை சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது.

வெயிலில் நிற்கும் மூடிய காரின் உள்ளே வெப்பம் எப்படி ஏறுகிறது என்று அமெரிக்காவில் அளந்து, 2005-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததும் பெரிதாக உதவவில்லை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட வெகு வேகமாகச் சூடேறும்.

முதலில் அவசர உதவி எண்ணுக்குப் பேசுங்கள், ஒருவரைக் கட்டடத்துக்குள் அனுப்பி உரியவரைத் தேடச் சொல்லுங்கள். எல்லாக் கதவுகளையும் இழுத்துப் பாருங்கள், ஒன்று பூட்டாமல் இருக்கலாம். குழந்தை கூப்பிட்டும் அசையவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் காத்திருக்க நேரமில்லை. அவசர உதவி எண்ணில் பேசுகிறவரிடம் சொல்லிவிட்டு, குழந்தைக்கு மிகத் தொலைவில் உள்ள பக்கக் கண்ணாடியை அதன் மூலையில் அடித்து உடையுங்கள். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவில் படலம் வைத்துச் செய்தது, எளிதில் வழிவிடாது. அருகில் நிற்பவர்களைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

வேண்டும். நிற்கும் கியர் சைக்கிளில் லீவரைச் சும்மா தட்டிவிட்டால், உரியவர் ஏறி முதல் மிதி மிதிக்கும்போது சங்கிலி தாவும். சாலையைக் கடக்கிற நேரமாக இருந்தால் கால் வழுக்கி விழுவார். டிஸ்க் பிரேக் தகட்டை விரலால் தடவினால் விரலின் எண்ணெய் அதில் ஒட்டிப் பிரேக் பிடிப்பு குறையும். மணியை அடித்துப் பார்ப்பது மட்டும் எனக்குத் தெரிந்து ஒன்றும் கெடுக்காது, ஆனால் அதையும் கேட்டுவிட்டு அடிப்பது அழகு.

கண்ணாடியில் மாட்டிய ஹெல்மெட்டைத் தட்டிவிட்டேன். எடுத்து மாட்டிவிட்டேன். போதும்தானே?

போதாது, சொல்லிவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாக்கோல் போன்ற பகுதிதான் அடியை வாங்கிக்கொண்டு நசுங்கித் தலையைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியாது. காலி ஹெல்மெட் அந்த உயரத்திலிருந்து விழுவதில் பெரும்பாலும் பாதிப்பு இருக்காதுதான். ஆனால் அதைப் பரிசோதித்துத் தீர்மானிக்க வேண்டியவர் அதைப் போட்டுக்கொண்டு போகப்போகிறவர்.

ஒரு பழைய வண்டிக்கு, ஒரு சாதாரணப் பைக்கு இவ்வளவு கோபப்படுகிறார்களே, ஏன்?

தன்னுடையது என்று ஆனதுமே பொருளின் எடை மனதில் கூடிவிடுகிறது. 1990-ல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு குவளை கொடுத்தார்கள். சில நிமிடம் கழித்து, விற்பதாக இருந்தால் என்ன விலை என்று அவர்களையும், வாங்குவதாக இருந்தால் என்ன விலை என்று மற்றவர்களையும் கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்குகிறவர்கள் சொன்னதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த குவளைக்கே இப்படி என்றால், பத்து வருடம் ஓட்டிய வண்டியை நினைத்துப் பாருங்கள். அப்பா ஓட்டிய வண்டியாகவும் இருக்கலாம், முதல் சம்பளத்தில் வாங்கியதாகவும் இருக்கலாம். பார்க்கிற நமக்குத் துரு மட்டும்தான் தெரியும்.

காலி சீட்டில் ஒரு பை இருக்கிறது. எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்காரலாமா?

பையை வைத்து இடம்பிடிப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், பொது இடத்தில் நாம் உரிமை கொண்டாடும் எல்லைகளைப் பற்றி 1971-ல் எழுதியபோது, இப்படி வைக்கிற பொருள்களை எல்லைக்குறிகள் என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார். பை அங்கே இருக்கிறவரை அது ஒருவருடைய இடம் என்று நாமும் கேட்காமலேயே ஒப்புக்கொள்கிறோம்.

பக்கத்தில் ஆள் இருந்தால், “இது உங்க பைங்களா? கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா?” என்று கேளுங்கள். நீங்கள் எடுக்காதீர்கள், அவரே எடுக்கட்டும். உள்ளே கண்ணாடிப் பாட்டில் இருக்கலாம், மருந்து இருக்கலாம், சாய்க்கக் கூடாத எதுவும் இருக்கலாம். ஆளே இல்லை என்றால் அருகில் இருப்பவர்களைக் கேளுங்கள், கொஞ்சம் பொறுங்கள். ஒரு பையை வைத்து நாலு பேர் உட்காரும் இடத்தைப் பிடிப்பது நியாயம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

யாருக்கும் சொந்தமில்லாமல் வெகுநேரம் கிடக்கிற பை என்றால் கதை வேறு. தொடாதீர்கள், திறக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். பணியாளரிடமோ காவலரிடமோ சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

தரையில் ஒரு பர்ஸ் கிடக்கிறது. திறந்து பார்ப்பது தவறா?

யாருடையது என்று தெரிந்துகொள்கிற அளவுக்குத் திறக்கலாம். அடையாள அட்டை கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். போட்டோக்களையும் துண்டுக் காகிதங்களையும் புரட்டுவது தேவையில்லாதது. முடிந்தால் இன்னொருவர் முன்னிலையில் திறந்து, அந்த இடத்தின் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ கொடுங்கள்.

மனிதர்கள் இதில் நாம் நினைப்பதைவிட நல்லவர்கள். 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை ‘கீழே கிடந்தது’ என்று வரவேற்பு மேசைகளில் கொடுத்துவிட்டு, உரியவருக்குத் தகவல் வருகிறதா என்று பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. பணம் இல்லாத பர்ஸ்களில் சுமார் 40 சதவீதத்துக்குத் தகவல் வந்தது, பணம் இருந்தவற்றில் சுமார் 51 சதவீதத்துக்கு. சில நாடுகளில் பர்ஸுக்குள் சாவி இருந்ததையும் இல்லாததையும் ஒப்பிட்டார்கள். சாவி இருந்த பர்ஸ்களுக்குத் தகவல் கூடுதலாக வந்தது. கிடைத்தவருக்குச் சாவியால் ஒரு பயனும் இல்லை, தொலைத்தவருக்குத்தான் அது வேண்டும். அதை யோசித்துத்தான் அத்தனை பேர் தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

சக்கர நாற்காலியில் ஒருவர் சிரமப்படுவது போலத் தெரிகிறது. பின்னால் போய்த் தள்ளிவிடலாமா?

கேட்காமல் தள்ளாதீர்கள். இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

சக்கர நாற்காலி, அதில் இருப்பவருக்கு உடம்பின் ஒரு பகுதி. நடந்து போகிற ஒருவரின் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? அதேதான். சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டிருப்பவரை எதிர்பாராமல் தள்ளினால் விரல் ஆரக்கால்களில் மாட்டும். சின்னத் தடுக்கலில் முன்சக்கரம் நின்றால் அவர் முன்னால் கவிழ்வார். முன்னால் வந்து, அவர் கண் பார்க்கும் இடத்தில் நின்று, “உதவி வேணுங்களா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் எங்கே பிடிக்க வேண்டும் என்று அவரே சொல்வார். கழற்றக்கூடிய பாகத்தைப் பிடித்துத் தூக்கினால் அது கையோடு வந்துவிடும், ஆகவே கேட்டுப் பிடியுங்கள். நாற்காலியின் மேல் சாய்வது, நம் பையை அதன் கைப்பிடியில் மாட்டுவது, அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இடைஞ்சல் என்று அதைத் தள்ளி வைப்பது எதுவும் கூடாது. தள்ளி வைத்த நாற்காலியிடம் அவரால் எழுந்து போக முடியாது.

பார்வையற்றவரின் வெள்ளைக் கோலும் அப்படித்தான். அதைப் பிடித்து இழுத்தால் அவருக்குத் தரையோடு இருக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. உதவி வேண்டுமா என்று வாயால் கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அவரைப் பிடிக்க வேண்டாம். ஊன்றுகோலை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தால், எங்கே வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். வழிகாட்டி நாய் வேலையில் இருக்கும்போது அதைத் தடவுவதோ, கூப்பிடுவதோ, தின்னக் கொடுப்பதோ வேண்டாம். அதன் கவனம் சிதறும் நொடியில் அவர் படியில் கால் வைத்துக்கொண்டிருக்கலாம்.

போனில் ஒரு போட்டோவைக் காட்டுகிறார்கள். அடுத்ததைத் தள்ளிப் பார்க்கலாமா?

காட்டியது ஒன்று, பார்ப்பதும் ஒன்று. தள்ள வேண்டும் என்றால் போனைத் திருப்பிக் கொடுத்து, அவரையே தள்ளச் சொல்லுங்கள்.

இசைக்கருவி, கேமரா மாதிரியான பொருள்கள்?

வயலின் வில்லின் முடியை விரலால் தொட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில், வில்லில் தேய்க்கிற ரோசின் என்ற பிசின் பிடிக்காது, வில் வழுக்கும், அந்த இடத்தில் நாதம் வராது. வாசிப்பவர் மேடையில் ஏறின பிறகுதான் அதைக் கண்டுபிடிப்பார். தந்திகளில் வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். மிருதங்கம், தபலா போன்றவற்றைச் சும்மா தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். சுருதி சேர்த்து வைத்துவிட்டுத்தான் அவர் எழுந்து போயிருக்கிறார். கேமராவில் எதையும் தொடவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் லென்ஸைத் தொட்டிருப்பார்கள். உரியவர்களைக் கேட்டால் வாசித்தே காட்டுவார்கள், கையில் கொடுத்து எடுக்கவும் சொல்வார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

‘தொடாதே’ என்று கத்துவதால் எனக்கு ஒருபோதும் பலன் கிடைத்ததில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்வேன். கைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் கண் நன்றாகப் பார்க்கும். அப்புறம் கூடவே குனிந்து, “இந்தச் சக்கரத்தில் எத்தனை கம்பி இருக்கு பாரு, இந்தக் குழாய் எங்கே போகுது பாரு” என்று பேச வேண்டும். பிள்ளைக்கு வேண்டியது தொடுவதைவிட அந்த ஆர்வத்துக்கு ஒரு துணை.

தொட ஆசைப்பட்டால், உரியவரிடம் பிள்ளையே கேட்கட்டும், பெற்றோர் கேட்டுக் கொடுக்க வேண்டாம். ஆறு வயதுப் பெண் ஒருத்தி என் பைக் அருகில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, “அங்கிள், ஹாரன் அடிக்கலாமா?” என்று கேட்டாள். மூன்று முறை அடிக்க விட்டேன்.

என் வண்டியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டை இல்லாமல் எப்படிச் சொல்வது?

சிரித்த முகத்தோடு, “தம்பி, வண்டியை எடுக்கணும்” என்று சொன்னால் போதும், பத்தில் ஒன்பது பேர் பதறி இறங்கிவிடுவார்கள். “யாரைக் கேட்டு உட்கார்ந்தே?” என்று ஆரம்பித்தால் அவரும் பத்துப் பேர் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார். பெரியவராக இருந்தால், “ஐயா, ஸ்டாண்டு கொஞ்சம் பலவீனமா இருக்கு, விழுந்துடுவீங்க” என்பேன். அது பொய்யும் இல்லை.

அவர் போன பிறகு கில் சுவிட்ச், கண்ணாடி, கியர், பெட்ரோல் குழாய் நான்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் கைப்பை உரசி ஒரு காரில் கோடு விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

நீங்கள் பார்த்தீர்களே. உரியவர் வருகிறாரா என்று கொஞ்ச நேரம் நில்லுங்கள். வராவிட்டால் ஒரு காகிதத்தில் நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, உங்கள் பெயர், போன் எண் எல்லாம் எழுதுங்கள். கோட்டை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அளவு பற்றிப் பேச்சு வந்தால் இருவருக்கும் உதவும். விரலால் தேய்த்துப் போகிறதா என்று பார்க்காதீர்கள், அது இன்னும் இரண்டு கோடு போடும். வண்டி மோதிச் சேதமானது என்றால் பல நாடுகளில் விவரம் கொடுக்காமல் போவதே குற்றம்.

காகிதத்தை வைப்பருக்கு அடியில் வைக்கும்போது வைப்பரை முழுவதும் தூக்க வேண்டாம், கையிலிருந்து நழுவினால் கண்ணாடியில் அறையும். ரப்பர் பட்டையை மட்டும் லேசாக உயர்த்தி, எழுத்து உள்பக்கம் தெரியும்படி செருகுங்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.